பிழைச்செய்தியின் ஒற்றை வரி: எளிய நிரல்திருத்திகளும் புறச் சரிபார்ப்பிகளும் இணைந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நிரலை எழுத உதவும் திருத்தியும், எழுதிய நிரலைச் சோதிக்கும் சரிபார்ப்பியும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளில் உருவான கருவிகள். இன்று இவை ஒரே திரையில் ஒன்றாகத் தோன்றுகின்றன. கோப்பு, வரி, இடம், செய்தி என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட ஒற்றை வரி உரையே இவற்றை இணைத்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். பெல் ஆய்வகத்தின் 'லிண்ட்' தொடங்கி, 2022இல் வெளிவந்த மொழிச்சேவையக நெறிமுறையின் 3.17ஆம் பதிப்பு வரை அவ்வரி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரியின் மூன்றாம் உறுப்பாகிய 'இடம்', ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற எடுகோளில் வேர்கொண்டது. அதனால் தமிழ்ச் சரங்களைக் கொண்ட நிரல்களில் நேரும் எண்ணிக்கைப் பிணக்கு இறுதிப் பகுதியில் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிரல்திருத்தி, சரிபார்ப்பி, நிரல்பெயர்ப்பி, பிழைச்செய்தி, லிண்ட், ஒருங்குறி, மொழிச்சேவையக நெறிமுறை.

முன்னுரை

கணினி நிரல் எழுதுவோர் பலர், தட்டச்சு செய்யும்போதே தவறான சொல்லின் அடியில் நெளிகோடு தோன்றுவதைத் திருத்தியின் அறிவு எனக் கருதுகின்றனர். எளிய திருத்திகள் பலவற்றுக்கு அவ்வறிவு கிடையாது. அவை வெளியே உள்ள வேறொரு நிரலை இயக்கி, அது உமிழும் உரையைப் படித்து, அதில் கண்ட எண்ணுக்குரிய இடத்தில் கோடிடுகின்றன. அந்த எண்ணை யார் எண்ணினர், எந்த அலகால் எண்ணினர் என்னும் வினாக்கள் ஆங்கில நிரலில் எழுவதில்லை. எல்லா அலகுகளும் அங்கு ஒரே விடையைத் தருகின்றன. தமிழ் எழுத்து ஒன்று நிரல்வரியில் புகுந்தவுடன் அவை எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண, இணைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதிலிருந்து பார்த்தல் வேண்டும்.

லிண்டும் சொற்பிழை தேடியும்

1975ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சி. ஜான்சன், ஒரு பிற்பகலில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான 'ஸ்பெல்' என்னும் சொற்பிழை தேடியை எழுதினார். உரையைச் சொற்களாகப் பிரித்தல், அகரவரிசைப்படுத்தல், இரட்டிப்பை நீக்கல், அகராதியோடு ஒப்பிடல் ஆகிய நான்கு செயல்களுக்கும் ஏற்கெனவே இருந்த சிறு கருவிகளை வரிசையாகக் கோத்ததே அவர் செய்தது. பின்னர் டக்ளஸ் மக்கில்ராய் அதனை விரிவுபடுத்தினார். திருத்தியோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை. ஐயத்துக்குரிய சொற்களின் பட்டியலை அது வெளியிட்டது, அவ்வளவே.

அதே ஜான்சன்தான் 1978ஆம் ஆண்டு வெளிவந்த தொழில்நுட்ப அறிக்கையில் 'லிண்ட்' என்னும் சி மொழிச் சரிபார்ப்பியை விளக்கினார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத்துகளைக் குறிக்கும் சொல் அது. ஓடக்கூடிய நிரலிலும் ஒட்டியிருக்கும் சிறு மாசுகளைப் பொறுக்கி எடுப்பதால் அப்பெயர் பொருந்தியது. சரிபார்ப்பை ஏன் நிரல்பெயர்ப்பிக்குள்ளேயே வைக்கவில்லை என்பதற்கு அவ்வறிக்கை தரும் காரணம் இங்கு முதன்மையானது. நிரல்பெயர்ப்பி விரைவாகப் பணிமுடிக்க வேண்டியது. தனித்தனியே பெயர்க்கப்படும் கோப்புகளுக்கிடையே வகைப்பொருத்தம் பார்க்க அதற்குப் பொழுதில்லை. சரிபார்ப்பியோ எல்லாக் கோப்புகளையும் ஒருசேர வைத்து நிதானமாக நோக்கலாம். ஆகவே பணிகள் பிரிக்கப்பட்டன.

லிண்டின் உள்ளமைப்பும் அப்பிரிவினையைக் காட்டுகிறது. ஜான்சனே எழுதிய, பல கணினிகளுக்கு மாற்றத்தக்க சி நிரல்பெயர்ப்பியின் முற்பாதியே லிண்டின் முதற்பகுதி. பிற்பாதி இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் இடத்தில், லிண்ட் ஓர் உரைக்கோப்பை எழுதியது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதன் வகை, அது தோன்றிய கோப்பு, வரியெண் ஆகியன இருந்தன. அக்கோப்பை அகரவரிசைப்படுத்தினால் ஒரே பெயர் பல இடங்களில் எவ்வாறு ஆளப்பட்டுள்ளது என்பது அடுத்தடுத்த வரிகளில் தெரிந்துவிடும். மூன்றாண்டுக்கு முன் சொற்களை அடுக்கிய அதே முறை இங்குப் பெயர்களை அடுக்கியது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் வழியாக லிண்ட் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

பிழையை நிரலுக்குள்ளேயே எழுதுதல்

சரிபார்ப்பி தந்த பட்டியலைத் தாளில் அச்சிட்டோ, முனையத்தில் பார்த்தோ, பின் திருத்தியைத் திறந்து வரியெண்ணைத் தேடிச் செல்வது அக்கால வழக்கம். இந்நடையைக் குறைத்த முதல் கருவிகளுள் ஒன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ராபர்ட் ஹென்றி எழுதிய 'எரர்' என்பது. 1980இல் பெர்க்லி யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டில் அது இடம்பெற்றது. நிரல்திருத்திகளின் வரலாற்றை எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் கடந்துசெல்கின்றனர். இணைப்பின் இயல்பு முழுவதும் அதில் கருவாக இருந்தது என்பது என் கருத்து.

எரர் தன்னிடம் வந்த செய்திகளைப் படித்து, எந்தக் கருவி அவற்றை வெளியிட்டது என ஊகித்தது. லிண்ட், சி நிரல்பெயர்ப்பி, பாஸ்கல், ஃபோர்ட்ரான், இணைப்பி ஆகியவற்றின் செய்திவடிவங்களை அது அறிந்திருந்தது. அடுத்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய மூலக்கோப்பில், பிழையுள்ள வரியருகே, அந்தந்த மொழியின் விளக்கக்குறிப்பு வடிவில் செருகியது. குறிப்பின் தொடக்கத்தில் ### என்பதும் இறுதியில் %%% என்பதும் இருக்கும். அக்குறிகளைத் தேடி நிரலர் பிழைக்குப் பிழை தாவலாம். திருத்தியபின் அவ்வரிகளைக் களையலாம். விருப்பத்தேர்வு ஒன்றைக் கொடுத்தால், கோப்புகளை 'விஐ' திருத்தியில் எரரே திறந்துவிடும்.

விஐ இதற்காக ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை என்பது கருதத்தக்கது. திருத்திக்குத் தேடத் தெரியும், அது போதுமானதாயிற்று. ஆனால் விலையும் இருந்தது. சரிபார்ப்பியின் குரல் மூலத்துக்குள் கலந்தது. பதிப்புத்துறை சார்ந்தோர் இதன் இடரை எளிதில் உணர்வர். பாடவேறுபாடுகளை உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் நிறுத்தியதும், மூலத்தைத் தொடாமல் அதனைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்னும் தெளிவினால்தான்.

எண்ணைக் கொண்டு தாவுதல்

அவ்விடத்தைத் திருத்திகள் இரண்டாம் சாளரத்தில் கண்டன. 1985இல் பொதுவெளியீடு கண்ட குனூ ஈமாக்ஸில், நிரல்பெயர்ப்பியை இயக்கி அதன் வெளியீட்டைத் தனிப் பரப்பில் திரட்டும் கட்டளையும், 'அடுத்த பிழை' என்னும் கட்டளையும் அமைந்தன. இரண்டாவது கட்டளை வெளியீட்டுப் பரப்பில் கோப்புப்பெயரையும் வரியெண்ணையும் கண்டறிந்து, மூலக்கோப்பின் அவ்வரியில் நிலைகாட்டியை நிறுத்தியது. மூலம் மாசுபடவில்லை.

இதற்குத் தடையாக இருந்தது செய்திவடிவங்களின் பெருக்கம். பழைய யூனிக்ஸ் நிரல்பெயர்ப்பி கோப்புப்பெயரை மேற்கோட்குறிக்குள் இட்டு, காற்புள்ளியும் 'வரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்து எண்ணைத் தந்தது. மைக்ரோசாஃப்ட் கருவிகள் எண்ணை அடைப்புக்குறிக்குள் இட்டன. குனூ திட்டம் தன் குறியாக்க நெறிகளில் ஒரு வடிவத்தை வரையறுத்தது. அதனைத் தமிழில் எழுதினால் இவ்வாறு அமையும்:

கோப்பு:வரி:நெடுவரிசை: செய்தி

வரியும் நெடுவரிசையும் 1இலிருந்து எண்ணப்படும். எந்தத் தரநிறுவனமும் இதனைச் சட்டமாக்கவில்லை. ஆயினும் அடுத்த தலைமுறைச் சரிபார்ப்பிகள் பல, தம்மை எந்தத் திருத்தி படிக்கும் என அறியாமலேயே இவ்வடிவில் பேசத் தொடங்கின.

பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட 'விம்' திருத்தியின் வழி வேறு. அமிகா கணினியில் மான்க்ஸ் நிறுவனத்தின் ஆஸ்டெக் சி நிரல்பெயர்ப்பிக்கு இருந்த 'விரைவுத்திருத்தம்' என்னும் வசதியே விம்முக்கு முன்மாதிரி; இதனை விம்மின் ஆவணமே கூறுகிறது. அமிகாவில் பிழைக்கோப்புக்கு விம் கொண்ட இயல்புப் பெயரிலும் ஆஸ்டெக் என்பது இருந்தது. விம் எல்லாச் செய்திவடிவங்களையும் தானே அறிய முயலவில்லை. வடிவத்தை விவரிக்கும் சிறு குறிமொழி ஒன்றைப் பயனரிடம் கொடுத்தது. சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் சேர்ந்து கோப்பு, வரி, நெடுவரிசை, செய்தி ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்கும். புதிய சரிபார்ப்பி ஒன்று வந்தால் திருத்தியின் மூலத்தைத் தொட வேண்டியதில்லை. ஒரு வரி அமைப்பு எழுதினால் போதும். நெடுவரிசைக்கு அக்குறிமொழியில் ஓரெழுத்து மட்டும் இல்லை. பைட்டு எண்ணிக்கைக்கு ஓரெழுத்தும், திரையில் காணும் நிலைக்கு வேறோர் எழுத்தும் உள்ளன. இதன் பொருள் பின்னர்த் தெளிவாகும்.

இதே காலத்தில் முற்றிலும் எதிரான வழியொன்றும் வெற்றிபெற்றிருந்தது. 1983இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கலில் திருத்தியும் நிரல்பெயர்ப்பியும் 40 கிலோபைட்டுக்குட்பட்ட ஒரே நிரலாக இருந்தன. முதற்பிழையில் பெயர்ப்பு நிற்கும்; நிலைகாட்டி அவ்விடத்தில் வந்து நிற்கும். இரண்டும் நினைவகத்தில் ஒரே உரையைப் பார்த்ததால் செய்தியை உரையாக்கி மீண்டும் படிக்க வேண்டிய தேவையே எழவில்லை. எண்பதுகளில் நிரல் பயின்றவர்களுக்கு அது வியப்பாகவே இருந்திருக்கும். ஆனால் பாஸ்கலைத் தவிர வேறொன்றையும் அதனால் சரிபார்க்க இயலாது.

எளிய திருத்திகள்

1999இல் நீல் ஹாட்ஜ்சன் உருவாக்கிய 'சைட்', 'சின்டில்லா' என்னும் உரைத்திருத்தக் கூறினைச் செய்துகாட்டுவதற்காக எழுந்த சிறு திருத்தி. வெளியீட்டுப் பலகத்தில் வரும் செய்தியைச் சொடுக்கினால் மூலவரிக்குச் செல்லும் வசதி அதில் உண்டு. பல நிரல்பெயர்ப்பிகளின் செய்திவடிவங்களை அது தன் மூலநிரலிலேயே பொதித்து வைத்துள்ளது. அதே சின்டில்லாவைக் கொண்டு என்ரிக்கோ ட்ரோகர் தொடங்கி, 2005இல் வெளிவந்த 'ஜீனி', விம்மின் வழிக்கு நெருங்கியது. ஒவ்வொரு மொழிக்கும் இயக்கவேண்டிய கட்டளைகளையும், வெளியீட்டிலிருந்து கோப்பையும் வரியையும் பிரித்தெடுக்கும் சுருங்குறித்தொடரையும் பயனரே பட்டியில் நிரப்பலாம். சுருங்குறித்தொடர் தரப்படாவிடில் குனூ வடிவமே கொள்ளப்படும். பிழையுள்ள வரியின்கீழ்க் கோடும் இடப்படும்.

ஜீனியில் ஒரு பைத்தான் சரிபார்ப்பியை இணைக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நெளிகோடு சொல்லின்கீழ் அமையாது. வரி முழுவதன் கீழும் ஓடும். குறைபாடாகத் தோன்றும் இதுவே தமிழ் நிரலர்க்கு ஒரு பாதுகாப்பு. வரியெண்ணில் பிணக்கு அரிது.

சேமிக்கப்படாத உரை

இதுவரை கூறிய இணைப்புகள் அனைத்திலும் நிரலர் ஒரு கட்டளை இட்ட பின்னரே சரிபார்ப்பி இயங்கியது. தட்டச்சு செய்யும்போதே இயக்க முனைந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. வெளியிலுள்ள சரிபார்ப்பி வட்டிலுள்ள கோப்பைப் படிக்கிறது. நிரலர் மாற்றிய உரையோ இன்னும் திருத்தியின் நினைவகத்தில் மட்டும் உள்ளது.

பாவெல் கோபியகோவ் எழுதி, 2007இல் ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பில் சேர்ந்த 'ஃப்ளைமேக்', தட்டச்சு நின்று அரை நொடி கழித்து, அப்போதைய உரையைத் தற்காலிகக் கோப்பொன்றில் எழுதிச் சரிபார்ப்பியிடம் கொடுத்தது. அத்தற்காலிகக் கோப்பு மூலக்கோப்பின் அடைவிலேயே, பெயரில் ஒரு பின்னொட்டுடன் வைக்கப்பட்டது. நிரல் தன்னருகே உள்ள பிற கோப்புகளைச் சார்பு முகவரியால் அழைக்கும். வேறு அடைவில் வைத்தால் அவை கிட்டா. இதனால் நிரலரின் அடைவில் அவர் உருவாக்காத கோப்புகள் தோன்றி மறைந்தன. பின்னாளில் சரிபார்ப்பிகளே இறங்கிவந்தன. உரையை உள்ளீட்டுக் குழாய் வழியே பெற்று, 'இது இன்ன கோப்பு எனக் கொள்க' என்று பெயரை மட்டும் தனியே ஏற்கும் விருப்பத்தேர்வு ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லிண்ட், பைத்தானுக்கான ஃப்ளேக்8 முதலியவற்றில் அமைந்தது. திருத்திக்காகச் சரிபார்ப்பி தன் வாயிலை மாற்றிக்கொண்ட தருணம் அது.

விம் பயனர்களுக்கு வேறோர் இடர் இருந்தது. 2009இல் மார்ட்டின் கிரென்ஃபெல் தொடங்கிய 'சிண்டாஸ்டிக்' என்னும் செருகுநிரல், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் சரிபார்ப்பியை இயக்கியது. சரிபார்ப்பு முடியும்வரை திருத்தி உறைந்து நிற்கும். பெரிய கோப்புகளில் இது பொறுமையைச் சோதித்தது. பிழை செருகுநிரலுடையதன்று, பின்னணியில் ஒரு பணியை ஓடவிடும் வழி விம்மிலேயே இல்லை. 2016 செப்டம்பரில் விம் 8.0 வெளிவந்தபோதுதான் அவ்வழி திறந்தது.

சோதிப்பதும் இயக்குவதும்

புறச் சரிபார்ப்பியை இணைப்பதில் இன்னொரு பிணையும் உண்டு, அது பாதுகாப்பு. பைத்தானின் தொடக்ககாலச் சரிபார்ப்பியான பைசெக்கர், ஆராயவேண்டிய நிரற்கூற்றை உள்ளேற்றி, அதாவது ஓடவிட்டு ஆராய்ந்தது. கோப்பை அழிக்கும் கட்டளை அதன் மேல்மட்டத்தில் இருந்தால், சரிபார்த்தலே அழித்தலாகிவிடும். பின்வந்த பைஃப்ளேக்ஸ், நிரலைப் பகுத்து மட்டும் நோக்கி, ஓடவிடாமல் தவிர்த்தது. திருத்தியில் ஒரு கோப்பைத் திறந்தவுடன் தானே இயங்கும் சரிபார்ப்பிக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது.

அவ்விடர் முற்றும் நீங்கவில்லை. ஈஎஸ்லிண்டின் அமைப்புக்கோப்பே ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக இருக்கலாம். பிறர் தந்த அடைவைத் திறந்தால் பிறர் எழுதிய நிரல் ஓடும். இத்தகைய இடர்களுக்காகவே 2021இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் திருத்தி, ஓர் அடைவைப் பயனர் நம்புகிறாரா எனக் கேட்கத் தொடங்கியது. ஈமாக்ஸிலும், தட்டச்சின்போதே ஈலிஸ்ப் நிரலைச் சோதிக்கும் வசதி, நம்பத்தகாத கோப்பிலுள்ள நிரலை இயக்கிவிடக்கூடும் என்பது 2024இல் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாயிற்று. லிண்டின் அறிக்கைக்கும் இதற்கும் நாற்பத்தாறு ஆண்டு இடைவெளி.

நெறிமுறையும் எண்ணலகும்

2016 ஜூன் 27 அன்று மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் மொழிச்சேவையக நெறிமுறையை அறிவித்தன. ஒவ்வொரு திருத்திக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இணைப்பு எழுதும் நிலை மாறி, மொழிக்கு ஒரு சேவையகமும் திருத்திக்கு ஒரு வாடிக்கைநிரலும் போதும் என்றாயிற்று. சேமிக்கப்படாத உரையைத் திருத்தியே சேவையகத்துக்கு அனுப்புவதால் தற்காலிகக் கோப்பும் தேவையற்றதாயிற்று. பழைய ஒற்றை வரி இங்கு உறுப்புறுப்பாகப் பிரிந்து, பெயரிட்ட புலங்களாக அனுப்பப்படுகிறது. ஆயினும் 'இடம்' என்னும் உறுப்பு அங்கும் ஓர் எண்ணே.

'தமிழ்' என்னும் சொல்லைக் கொண்டு இதனைக் காணலாம். மரபிலக்கணப்படி அதில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு. நிரல்வரி ஒன்று இச்சொல்லை இரட்டை மேற்கோட்குறிக்குள் கொண்டு தொடங்கி, அதனை அடுத்துப் பிழையான ஒரு குறி நிற்பதாகக் கொள்வோம். அக்குறியின் நெடுவரிசை எழுத்துக்கணக்கில் 6, புள்ளிக்கணக்கில் 8, பைட்டுக்கணக்கில் 18. சரிபார்ப்பி 18 என்று சொல்ல, திருத்தி அதனைப் புள்ளிக்கணக்காகக் கொண்டால் நெளிகோடு பிழையைக் கடந்து பத்து இடம் தள்ளி விழும். வரி அதற்குள் முடிந்திருந்தால் கோடு விழவே இடமிராது.

இது கற்பனையான இடர் அன்று. பைத்தானின் தொடரமைப்புப் பிழைகளில் இடம் எழுத்துருக்களின் எண்ணிக்கையால் தரப்படுகிறது. அதே பைத்தானின் பகுப்புமரத்தில் கணுக்களின் இடம் யூ.டி.எஃப்-8 பைட்டுகளால் தரப்படுகிறது. பகுப்புமரத்தை நம்பும் சரிபார்ப்பி அவ்வெண்ணை மாற்றாமல் வெளியிட்டால், ஒரே கோப்பில் ஒரு பிழை சரியாகவும் மற்றொன்று விலகியும் குறிக்கப்படும். 2008இல் வெளியான பைத்தான் 3.0 குறிப்பெயர்களைத் தமிழிலும் எழுத இடமளித்தது. தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாமாண்டுக் கணினி அறிவியல் மாணவர் பைத்தானையே பயில்கின்றனர். தமிழ்ச் சரத்தை எழுதிப்பார்க்கும் மாணவர் தம் நிரலை ஐயுறுவார், கருவியை ஐயுறமாட்டார்.

குனூ நெறிகள் இவ்விடத்தில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்குத் திரையில் அவை கொள்ளும் அகலத்தைக் கணக்கிடுமாறு கூறுகின்றன. அதற்கு மாறாக நெடுங்காலம் பைட்டுகளையே எண்ணிவந்த குனூ நிரல்பெயர்ப்பி, 2021இல் வெளிவந்த 11ஆம் பதிப்பிலிருந்து திரை அகலத்தை இயல்பாக்கியது. பைட்டுக் கணக்கை எதிர்பார்க்கும் திருத்திகளுக்காகப் பழைய முறையை மீட்கும் விருப்பத்தேர்வும் உடன் வைக்கப்பட்டது. திரை அகலமும் தமிழுக்கு முழுத்தீர்வாகாது. இகரக்குறிக்கு ஓர் இடமும், மேலே அமரும் புள்ளிக்கு இடமின்மையும் கொள்ளும் அகலக்கணக்கில் 'தமிழ்' நான்கு இடம் பெறும். மூன்றும் அன்று, ஐந்தும் அன்று.

மொழிச்சேவையக நெறிமுறை யூ.டி.எஃப்-16 அலகைத் தேர்ந்தது. விஷுவல் ஸ்டுடியோ கோட் எழுதப்பட்ட மொழி சரங்களை அவ்வலகால் எண்ணுகிறது. அன்றாடத் தமிழ் எழுத்துகள் அனைத்தும் அம்முறையில் புள்ளிக்கு ஓர் அலகே ஆதலால் இணைப்பு ஒழுங்காக நடைபெறுகிறது. கல்வெட்டும் ஓலைக்கணக்கும் குறியேற்றுவோர்க்கு மட்டும் அவ்வொழுங்கு குலைகிறது. 2019இல் ஒருங்குறி 12.0 சேர்த்த தமிழ்ப் பிற்சேர்க்கைத் தொகுதியில் உள்ள பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அடிப்படைத் தளத்துக்கு வெளியே உள்ளவை. அவற்றுள் ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-16இல் இரண்டு அலகு, யூ.டி.எஃப்-8இல் நான்கு பைட்டு. ஒரு வரியில் மூன்று பின்னக் குறி இருப்பின், புள்ளிகளை எண்ணும் சேவையகத்துக்கும் அலகுகளை எண்ணும் திருத்திக்கும் இடையே மூன்று இடம் விலகும். எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சோதிக்கும் எக்ஸ்எம்எல்லிண்ட் தன் செய்தியின் தலைப்பில் கோப்பையும் வரியையும் மட்டும் தருவதால் இப்பிணக்கில் சிக்குவதில்லை.

2022இல் வெளியான நெறிமுறையின் 3.17ஆம் பதிப்பு, தொடர்பு தொடங்கும்போதே எந்த அலகில் எண்ணுவது எனத் திருத்தியும் சேவையகமும் பேசி முடிவுசெய்ய வழிவகுத்தது. யூ.டி.எஃப்-8, யூ.டி.எஃப்-16, யூ.டி.எஃப்-32 ஆகிய மூன்றும் அதில் பெயர் குறிக்கப்பட்டுள்ளன. முன்னைய கருவிகளோடு ஒத்தியங்க வேண்டி, யூ.டி.எஃப்-16ஐ எல்லாத் திருத்திகளும் ஏற்றே ஆகவேண்டும் என்பதும், இருதரப்பும் வாளா இருந்தால் அதுவே கொள்ளப்படும் என்பதும் விதி. எழுத்தை எண்ணும் நான்காம் வழி அப்பட்டியலில் இல்லை.